ஒரு பதக்கமும் மூன்று பொறியாளர்களும்

மின் பொறியாளர் சங்கம் ஒன்று ஆண்டுக்கு ஒரே ஒரு பதக்கம் தருகிறது. சிறந்த தொழில்நுட்பப் பங்களிப்புக்கு என்கிறது விதி. இருவருக்குப் பிரித்துக் கொடுக்க இடமில்லை. சென்ற ஆண்டு தேர்வுக் குழுவில் நானும் இருந்தேன். எங்கள் முன் மூன்று பெயர்கள் வந்தன, மூன்றும் ஒரே நாளில் நடந்த ஒரே சம்பவத்துக்காக. அதைச் சொல்கிறேன்.

மின்கம்பி அறுந்து விழுந்தால் மின்சாரம் தானாக நின்றுவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். எப்போதும் நிற்பதில்லை. கசிவு குறைவாக இருந்தால் துணை மின்நிலையத்துக்குத் தெரியவே தெரியாது. யாராவது மிதிக்கும்வரை கம்பி உயிரோடு கிடக்கும்.

அந்தக் குறைந்த கசிவையும் உணர்ந்து மின்சாரத்தை நிறுத்தும் கருவி ஒன்றை ஆய்வகப் பொறியாளர் கோதைநாயகி ஆறு ஆண்டு உழைத்துச் செய்தார். கடலோரத் தாலுகா ஊர் ஒன்றில் அதை முதலில் பொருத்தினார்கள். ஊரே திட்டியது. அரிசி ஆலையின் பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும்போது, கம்பி அறுந்ததாக எண்ணிக் கருவி மின்சாரத்தை நிறுத்திவிடும். ஒரே மாதத்தில் ஒன்பது முறை. கழற்றிவிடச் சொன்னது மேலிடம்.

வட்டாரக் களப் பொறியாளர் பெஞ்சமின் இரண்டு வாரம் அவகாசம் வாங்கினார். வெயிலில் ஆலை வாசலில் உட்கார்ந்து, மோட்டார் கிளம்பும்போது மின்னோட்டம் எப்படி இருக்கிறது, கம்பி தரையில் கிடந்தால் எப்படி இருக்கிறது என்று அளந்து, இரண்டையும் பிரித்தறியும்படி கருவியைத் திருத்தினார். கோதைநாயகிக்கும் எழுதினார். அவர் மருத்துவ விடுப்பில் இருந்ததால் கடிதம் பிரிக்கப்படாமல் கிடந்தது. அதன்பின் பெஞ்சமின் மின்நிலையப் பதிவேட்டில் தினமும் ஒரு வரி எழுதினார்: ஆலை ஓடியது, கருவி நிறுத்தவில்லை. நாற்பத்தொரு நாள் எழுதினார்.

மறுநாள் ஐப்பசி மழை கொட்டியது. பிற்பகல் மூன்றரை மணிக்குக் கருவி மின்சாரத்தை நிறுத்தியது. பணியில் இருந்தவர் உதவிப் பொறியாளர் ரஹ்மத் நிஷா. வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. லைன்மேன் வேதமாணிக்கத்தை மின்பாதையைப் பார்த்துவர அனுப்பினார். அதற்குள் அரசு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது.

"மேடம், பச்சைக் குழந்தைங்க வார்டு. ஜெனரேட்டர் ஓடல. நாலு குழந்தைக்குக் கையாலதான் மூச்சு கொடுத்துக்கிட்டிருக்கோம்."

"எவ்வளவு நேரம் தாங்கும் டாக்டர்?"

"எனக்குத் தெரியலம்மா. சீக்கிரம் கொடுங்க."

இன்னொரு போனில் மேலதிகாரி கூப்பிட்டார். "மில்லுல மோட்டார் போட்டிருப்பாங்க. கரண்டக் கொடுத்துடும்மா." பெஞ்சமினின் போன் கிடைக்கவில்லை. நிஷா கோதைநாயகியைக் கூப்பிட்டார். கருவி திருத்தப்பட்டது அவருக்கு இன்னும் தெரியாது. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "என் கருவிதான் தப்பு பண்ணியிருக்கும். குழந்தைங்க உயிர்தான் முக்கியம். கொடுத்துடுங்க."

நிஷாவின் விரல் சுவிட்சின்மேல் இருந்தது. எதிரே பதிவேடு திறந்திருந்தது. பெஞ்சமின் எழுதியிருந்த வரிகளைப் படித்தார். விரலை எடுத்துக்கொண்டார்.

"இன்னும் கொடுக்க முடியாது டாக்டர்."

டாக்டர் போனை வைக்கவில்லை. வார்டில் ஒரு செவிலியர் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பது கேட்டது. ஒருமுறை அந்த எண்ணிக்கை பாதியில் நின்றது. நிஷா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வேறொரு குரல் எண்ணத் தொடங்கியது. கை மாற்றியிருக்கிறார்கள் என்று புரிய நேரம் பிடித்தது. தான் நிறுத்தி வைத்திருப்பது மின்சாரத்தையா, ஒரு குழந்தையின் மூச்சையா என்று அந்த இருபத்தாறு நிமிடமும் நினைத்துக்கொண்டிருந்ததாகப் பின்னர் எங்களிடம் சொன்னார்.

இருபத்தாறாவது நிமிடம் வேதமாணிக்கம் கூப்பிட்டார். அவரால் கோர்வையாகப் பேச முடியவில்லை. மருத்துவமனையைத் தாண்டி ஒரு பள்ளி வேன் வழுக்கிக் கம்பத்தில் மோதியிருந்தது. கம்பி முழங்காலளவு நீருக்குள் கிடந்தது. வேனுக்குள் தண்ணீர் ஏற, டிரைவர் பதினொரு பிள்ளைகளையும் கைகோக்க வைத்து, அந்த நீர் வழியாகவே அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். கம்பி கிடப்பது அவருக்குத் தெரியாது.

பிள்ளைகள் கரையேறினார்கள். அறுந்த பகுதியைத் துண்டித்துவிட்டு, மருத்துவமனைக்கு மின்சாரம் கொடுத்தார்கள். நான்கு குழந்தைகளும் பிழைத்தன.

கருவியைச் செய்தவர் கோதைநாயகி. திருத்தியவர் பெஞ்சமின். சுவிட்சிலிருந்து விரலை எடுத்தவர் நிஷா. பதக்கம் ஒன்றுதான். நீங்கள் குழுவில் இருந்தால் யாருக்குக் கொடுப்பீர்கள்?

விடை:

எங்களில் பலருக்கும் முதலில் நிஷாவின் பெயர்தான் வாயில் வந்தது. அவர் செய்தது பெரிய துணிச்சல். ஆனால் பதக்கம் துணிச்சலுக்கானது அல்ல. கோதைநாயகியின் கருவி இல்லையென்றால் மின்சாரம் நின்றிருக்காது, உண்மைதான். திருத்தாமல் விட்டிருந்தாலும் அன்று அது நிறுத்தியிருக்கும். ஆனால் எதற்கெடுத்தாலும் நிறுத்துகிற கருவி நிறுத்தினால் யாரும் நம்ப மாட்டார்கள். செய்தவரே நம்பவில்லை. நிறுத்தியதை நம்பத்தக்கதாக ஆக்கியது பெஞ்சமினின் அளவீடும் அந்த நாற்பத்தொரு வரிகளும். பதக்கம் அவருக்கே என்று முடிவு செய்தோம். கோதைநாயகியும் அவர் பெயரையே எழுதிக் கொடுத்தார். நிஷாவிடம் தயங்கித் தயங்கித்தான் சொன்னோம். "நான் ஒண்ணும் துணிஞ்சு நிக்கல சார். எழுதியிருந்ததை நம்பினேன், அவ்வளவுதான்," என்றார்.