நகராத குதிரையும் நடுங்கிய மந்திரியும்

முன்னொரு காலத்தில் வேங்கைநாட்டுச் சீமையைக் கீர்த்திவளவன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒரு சட்டம், சாப்பிட்டு எழுந்தால் அதற்கு நேர்மாறாக ஒரு சட்டம், அப்பேர்ப்பட்ட ராஜா. அவருக்கு அனந்தப்பன் என்று ஒரு மந்திரி. புத்தியில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் அனந்தப்பன்தான். யார் அந்த அனந்தப்பன் என்கிறீர்களா? அடியேன்தான்.

புத்தி எப்படியோ, உடம்பு நிறையவே இருந்தது. அரண்மனைக்குப் பல்லக்கில்தான் போவேன். ஒருநாள் ராஜா சபையில் திடீரென்று, "பல்லக்கில் வருகிறவர்கள் தூங்கிக்கொண்டே வருகிறார்கள். இனி எல்லோருக்கும் குதிரைதான்!" என்றார். அன்றைக்கே என் பல்லக்குக்காரர்கள் நாலு பேரும் அய்யனாருக்குப் பொங்கல் வைத்தார்கள்.

குதிரைப்படைத் தலைவர் வீரகண்டருக்கு என் மந்திரி மோதிரத்தின்மேல் நெடுநாளாக ஒரு கண். அவர் எழுந்து, "மகாராஜா, விஜயதசமிப் பார்வேட்டைக்கு அமைச்சரும் குதிரையில் வந்து, ஊர் எல்லை மண்டபம் சேரட்டும். சேராவிட்டால்..." என்று இழுத்தார்.

"சேராவிட்டால் மோதிரம் உமக்கு!" என்றார் ராஜா, கொட்டாவி விட்டபடி.

மோதிரம் போனால் பதவியும் போச்சு. மந்திரி வேலை போனால் வேறென்ன வேலை தெரியும் எனக்கு? பேசத் தெரியும், சாப்பிடத் தெரியும். அவ்வளவுதான்.

வீரகண்டரே ஒரு மட்டக்குதிரையை அனுப்பிவைத்தார். "ரொம்பச் சாது" என்று சொல்லியனுப்பியிருந்தார். அது என் வயிற்றைப் பார்த்தது. பிறகு என் முகத்தைப் பார்த்தது. பிறகு பெருமூச்சு விட்டது.

என் மனைவி கோமளவல்லி கடிவாளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னே நடக்க, நான் பிடரிமயிரைப் பற்றிக்கொண்டு தினமும் தெருவில் சவாரி போனேன். நாலு வீடு போகும், ஐந்தாவது வீட்டு வாசலில் நின்றுவிடும். தட்டினேன், நகரவில்லை. வெல்லம் கொடுத்தேன், தின்றுவிட்டு நின்றது. ராஜநீதியெல்லாம் எடுத்துச் சொன்னேன், சாணி போட்டது. வீட்டுக்காரர்களோ, "மந்திரியே வரி வசூலுக்கு வந்துட்டாரு!" என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"ஏங்க, இது எல்லா வீட்டு வாசல்லயும் நிக்கல. காவி போட்ட பெரிய கோலம் இருந்தாத்தான் நிக்குது. எதையோ எதிர்பார்க்குது" என்றாள் கோமளவல்லி.

"என்னைக் கீழே தள்ள நல்ல இடம் எதிர்பார்க்கிறது."

அந்த நேரம் பார்த்து அடுத்த தெருவில் கல்யாண ஊர்வலம். நாதஸ்வரம் கேட்டதும் குதிரை தலையை நிமிர்த்தி, கழுத்தை வளைத்து, மிடுக்காக ரெண்டு அடி வைத்தது. கோமளவல்லி கைகொட்டிச் சிரித்தாள்.

"அட ராமா! இது மாப்பிள்ளை அழைப்புக் குதிரைங்க! காவிக்கோலத்தைக் கண்டா கல்யாண வீடுன்னு நின்னுடும், ஆரத்தி எடுத்தாத்தான் நகரும்!"

ஓடிப்போய்த் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து வந்து சுற்றினாள். குதிரை நடந்தது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குப் பிறகு தினமும் எனக்கு மாப்பிள்ளை அழைப்புதான்.

விஜயதசமி வந்தது. ராஜவீதியில் காவிக்கோலம் இல்லாத வீடே இல்லை. முதல் வீட்டிலேயே குதிரை நின்றது. கோமளவல்லி தட்டை எடுக்கப் போனாள். நான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன்.

வீரகண்டர் ஊர் கேட்கச் சிரித்தார். "குதிரைக்கே மந்திரியைப் பிடிக்கவில்லை மகாராஜா! மோதிரத்தைக் கழற்றச் சொல்லுங்கள்!"

"கழற்றுகிறேன்" என்றேன். இறங்கினேன் என்று சொல்ல ஆசைதான், உருண்டேன் என்பதே உண்மை. "குதிரைச் சாத்திரம் கரைத்துக் குடித்த தாங்கள் ஏறி, இதை ஓர் அடி நகர்த்திவிட்டால் இப்போதே தந்துவிடுகிறேன்."

"ஏறும் ஓய்!" என்றார் ராஜா. அவருக்கு வேடிக்கை என்றால் வேட்டையே வேண்டாம்.

வீரகண்டர் தாவி ஏறினார். குதிகாலால் உதைத்தார், அதட்டினார், சவுக்கை வீசினார். குதிரை அசையவில்லை. ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்ததும் மனுஷனுக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது.

"இந்தச் சனியன் யார் ஏறினாலும் நகராது! லாயத்தில் எல்லோருக்கும் தெரியும்!"

ராஜா மெதுவாகக் கேட்டார்: "தெரிந்துதான் அமைச்சருக்குக் கொடுத்தீரோ?"

வீரகண்டர் குதிரையின் காதைத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தார். நான் ஊர்வலத்தில் வந்த நாதஸ்வரக்காரரைப் பார்த்து, "கல்யாண மேளம் வாசியுங்கள் ஐயா" என்றேன். கோமளவல்லி ஆரத்தி சுற்றினாள். குதிரை நிமிர்ந்து, வீரகண்டரைச் சுமந்துகொண்டு ஜம்மென்று நடந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அது அடுத்து நின்றது அவர் சொந்த வீட்டு வாசலில்.

மாடியிலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தாள். "பேரன் எடுத்த வயசுல இன்னொரு கல்யாணமா? இரு, நான் எடுக்கறேன் ஆரத்தி!" என்று விளக்குமாற்றோடு இறங்கி வந்தாள். வீரகண்டர் குதித்து ஓடிய ஓட்டத்தில் பாதி எனக்கு வந்தால் நான் குதிரையே ஏறவேண்டாம். ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை அவிழ்ந்தது.

ராஜா வேட்டைக்குப் போய்விட்டார். நான் மறுபடி ஏறி, வீட்டுக்கு வீடு ஆரத்தி வாங்கி, அந்தி சாய்கிற நேரம் மண்டபம் சேர்ந்தேன். அவர் வேட்டை முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கோமளவல்லியிடம் கொடுத்தார். யோசனை அவளுடையது என்று நான் வாயே திறக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்போல. பிறகு, மண்டபத் தூணுக்குப் பின்னால் பதுங்கியிருந்த வீரகண்டரை முன்னால் அழைத்தார்.

"வீரகண்டரே, இனி இந்த மாப்பிள்ளையை நீரே தேய்த்துக் குளிப்பாட்டும். அனந்தப்பரே, மோதிரம் உம்மிடமே இருக்கட்டும். ஆனால் உம்மோடு வேட்டைக்கு வந்தால் மான்கள் கிழடுதட்டிவிடும். நாளை முதல் பல்லக்கிலேயே வாரும்!"

கூட்டத்தில் நாலு பேர் ஓவென்று அழுதார்கள். நம் பதவி பிழைத்ததில் ஜனங்களுக்கு இவ்வளவு ஆனந்தமா என்று நெஞ்சு நெகிழ்ந்து எட்டிப் பார்த்தேன்.

என் பல்லக்குக்காரர்கள்.