நாற்பத்தேழாம் எண் உறை

கோமதிநாயகத்துக்கு முப்பத்தெட்டு வயது. இன்னும் மாணவர்தான். மருந்துக் கடையில் நிம்மதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், பார்ம்.டி.யும் பிஎச்.டி.யும் சேர்ந்த இரட்டைப் படிப்பில் யாரோ சொன்னார்கள் என்று சேர்ந்தார்; ஏழு வருடம் ஓடிவிட்டது. கூடச் சேர்ந்தவர்கள் கிடைத்த ஒரு பட்டத்தை வாங்கிக்கொண்டு பிழைக்கப் போய்விட்டார்கள். இவர் மட்டும் காலையில் கீழே மருத்துவமனை, மதியம் மாடியில் ஆராய்ச்சி என்று படியேறி இறங்கிக்கொண்டிருந்தார். நடுவில் சாப்பாடு என்று ஒன்று உண்டு. பல நாள் அது நினைவுக்கே வராது.

வழிகாட்டி பேராசிரியர் ரஹ்மத் நிஷா அவரைவிட இரண்டு வயது இளையவர். முதல் வருடம் அதில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. இப்போது கூச்சப்படக்கூடத் தெம்பில்லை.

ஒரு புதன்கிழமை, சர்க்கரை நோயாளிகள் வரும் நாள், கோமதிநாயகம் ஒரு கடிதத்தோடு அவர் முன்னால் போய் நின்றார்.

"ரெண்டுல ஒண்ணை விட்டுடறேன் மேடம். கையெழுத்து வேணும்."

"எதை விடப் போறீங்க?"

"காலையை. சாப்பாட்டுக்கு முன்னால, சாப்பாட்டுக்குப் பின்னாலன்னு இனிமே ஒரு ஆளுக்குக்கூட என்னால சொல்ல முடியாது. சொன்னாலும் யாரும் கேக்கறதில்ல. ஆராய்ச்சி மட்டும் போதும்."

ரஹ்மத் நிஷா கடிதத்தை முழுதாகப் படித்தார். பேனாவை எடுத்தார். பிறகு கீழே வைத்தார்.

"போடறேன். அதுக்கு முன்னால உங்க ரெண்டு நோட்டையும் கொண்டு வாங்க."

நீல நோட்டு காலைக்கு உரியது. அதில் நோயாளிகளின் பெயரும் சர்க்கரை அளவும் இருக்கும். சிவப்பு நோட்டு மதியத்துக்கு. அதில் பெயரே கிடையாது, வெறும் எண்கள்தான். நோயாளிகள் மருந்தை ஒழுங்காகப் போடுகிறார்களா என்பது கோமதிநாயகத்தின் ஆராய்ச்சி. மாதம் அறுபது மாத்திரை போட வேண்டும், அறுபத்தைந்து கொடுப்பார்கள். மீந்ததை அவரவர் எண் போட்ட உறையில் வைத்து, நோயாளிகள் கீழே ஒரு பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். அவர் மாடியில் உட்கார்ந்து எண்ணுவார். யாருடையது என்று தெரிந்தால் எண்ணுகிறவன் மனம் ஒரு பக்கம் சாயும் என்பதால், எந்த எண் யார் என்ற பட்டியல் ரஹ்மத் நிஷாவின் பூட்டிய இழுப்பறையில் இருந்தது.

இரண்டு நோட்டும் வந்தன.

"நீலத்துல உங்களை ரொம்பப் படுத்துற ஆள் யாரு?"

அவர் பக்கத்தைப் புரட்டவில்லை. "முக்கூடல் சொர்ணம். ஒரு வருசமா சர்க்கரை இறங்கவே இல்ல. மாத்திரையோட வீரியத்தைக் கூட்டிக் கூட்டிப் பாத்தாச்சு."

"சிவப்புல ரொம்ப ஒழுங்கு?"

"நாற்பத்தேழு." சொல்லும்போது முகத்தில் லேசாக வெளிச்சம் வந்தது. "பன்னிரண்டு மாசமும் சரியா அஞ்சு மாத்திரை மீதி. அந்த ஒருத்தரை நம்பித்தான் மேடம் மத்தியானத்துல உக்காந்திருக்கேன்."

ரஹ்மத் நிஷா இழுப்பறையைத் திறந்து பட்டியலை நீட்டினார். நாற்பத்தேழுக்கு நேரே சொர்ணம், முக்கூடல் என்று இருந்தது. கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார்.

"வெளியிலதான் இருப்பாங்க. கூப்பிடுங்க."

சொர்ணம் பீடி சுற்றுகிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நிற்கப் போனவரை ரஹ்மத் நிஷா உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்கவில்லை.

"மாத்திரை போட்டா உங்களுக்கு என்ன செய்யுது?"

"வயித்தக் கலக்கிரும் டாக்டரம்மா. எலையும் தூளும் பரப்புன சொளவ மடியில வச்சுக்கிட்டு ஒரே இடத்துல உக்காந்து சுத்துற வேலை. நாலு தடவ எந்திரிச்சா அன்னைக்குப் பீடிக்கட்டு சேராது. அதனால காலைல உள்ளத விட்டுருவேன். ராத்திரி ஒண்ணுதான்."

"மிச்சத்தை?"

சொர்ணம் கோமதிநாயகத்தைப் பார்த்தார். தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்ட முகம்.

"அஞ்ச எண்ணி வச்சுக்கிட்டு மத்ததக் குப்பைல போட்டுருவேன். எண்ணிக் குடுக்கது எனக்கு என்ன புதுசா? பீடிக்கடையில நாப்பது வருசமா எண்ணித்தானே குடுக்கேன்."

"ஏன் அப்படி?"

"இந்தத் தம்பி ஏழு வருசமா படிக்காராம். நர்சம்மா சொன்னாவ. காலைல பாத்தா முகம் வாடிப்போயி நிக்காரு. எண்ணிக்கை தப்புனா பரீட்சைல போயிருமோன்னு பயந்துட்டேன். நம்மளால ஒரு புள்ளை தோக்கக் கூடாதுல்லா."

கோமதிநாயகத்துக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒரு வருடமாக, வீரியத்தைக் கூட்டலாம் என்று டாக்டருக்கு எழுதிக் கொடுத்தது அவர் கைதான். வெட்கமாக இருந்தது. இந்த அம்மாவின் வயிற்றைப் பற்றி ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை.

அவர் சொர்ணத்தின் பக்கம் திரும்பினார். "இதுலயே மெதுவாக் கரையிற மாத்திரை இருக்கும்மா. ராத்திரிச் சாப்பாட்டோட போட்டாப் போதும். வயித்தை அவ்வளவு படுத்தாது. டாக்டர்கிட்ட நான் பேசி மாத்தச் சொல்றேன்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார் சொர்ணம். கோபமே இல்லை. பையை எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

கோமதிநாயகம் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"ஏழு வருசம் மேடம். இன்னும் எத்தனை உறையில இப்படி இருக்கோ."

ரஹ்மத் நிஷா கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டு அவர் பக்கமாகத் தள்ளினார். நீல நோட்டையும் சிவப்பு நோட்டையும் திறந்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"காலையை விட்டுடலாம், தடையில்ல. அந்தம்மா சொன்னதை மட்டும் இப்பவே எழுதிடுங்க" என்றார். "எந்த நோட்டுல எழுதப் போறீங்க?"

கோமதிநாயகம் பேனாவை எடுத்தார். நீலத்தில் மாத்திரைக் கணக்குக்கு இடமில்லை, சிவப்பில் சொர்ணத்தின் பெயருக்கு இடமில்லை; எடுத்த பேனாவோடு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.