அழாத தாய்

பேராசிரியர் வீகான்ட் காலமாகி வெகுநாள் ஆகிவிட்டது. ஆனாலும் அவருடைய பழைய மாணவர்கள் கூடினால் இந்தக் கதை வராமல் போகாது. அதை டாக்டர் க்ரோகர்தான் சொல்ல வேண்டும். பேராசிரியரின் ஊரிலேயே ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு தங்கிவிட்ட கிழவர் அவர். எத்தனை முறை கேட்டாலும் அலுக்காமல் சொல்வார்.

ஊர், ஜெர்மனியில் லான் ஆற்றங்கரையில் இருந்தது. மனத்தைப் பற்றிய படிப்பும் மனித இனங்களைப் பற்றிய படிப்பும் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தன. வீகான்ட் கடலையே கண்ணால் பார்த்ததில்லை. கப்பல்காரர்களும் பாதிரிமார்களும் எழுதியதைப் படித்துப் படித்து, உலகத்து மனிதர் எல்லோருக்கும் மனம் ஒன்றுதான் என்று எழுதிக்கொண்டிருந்தார். அதற்காக அவரைக் கேலி செய்யாத பெரிய மனிதர் இல்லை.

க்ரோகர் கப்பல் வைத்தியராகவே தலை நரைத்தவர். பேராசிரியருக்கோ நாற்பதுகூட ஆகவில்லை. சின்னவரிடம் சீடராக வந்து உட்கார்ந்ததில் க்ரோகருக்குக் கூச்சமே கிடையாது. அந்த அறை, புகையிலை வாசனை, பேச்சுக்கு நடுவே பேராசிரியரின் இருமல், எல்லாவற்றுக்கும் இப்போதும் மனம் ஏங்குகிறது என்பார்.

ஒரு நாள் க்ரோகர் ஒரு சான்றிதழை எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். தென்கடல் தீவு ஒன்றில் தென்னந்தோட்டம் போட்டிருந்த கம்பெனி அதைக் கேட்டிருந்தது. தீவுக்காரர்களின் பிள்ளைகளைப் பிரித்து வேறு தீவுக்கு வேலைக்குக் கொண்டுபோகத் திட்டம். கவர்னர் தயங்கினார். அந்தத் தாய்மாருக்குப் பிள்ளைத் துயரம் கிடையாது என்று நேரில் பார்த்த டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்தால், அனுமதி கிடைத்துவிடும். க்ரோகருக்கும் கம்பெனி வைத்தியர் வேலை கிடைக்கும்.

"நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டால் பேச்சுக்கே இடமிருக்காது" என்றார்.

"துயரம் கிடையாது என்று எப்படித் தெரியும்?"

"கண்ணால் பார்த்தேன், பேராசிரியரே. காலையில் ஒருத்தி தன் பிள்ளையைப் புதைத்தாள். மத்தியானம் விருந்து. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்கு மீன் பரிமாறினாள்."

"மீன் நன்றாக இருந்ததா?"

"கேலி செய்கிறீர்கள்."

"இல்லையே. தொப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் காப்பிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்களும் வாருங்கள்."

வண்டி செய்யும் தச்சர் ஒருவரின் வீடு. உள்ளே கால் வைக்க இடமில்லை. எல்லோரும் கறுப்பு உடையில் இருந்தார்கள். அந்தப் பக்கத்தில் கல்யாணமானாலும் கோயிலானாலும் நல்ல உடுப்பு கறுப்புத்தான். காப்பி, கேக், பிராந்தி என்று தட்டுகள் வந்தபடி இருந்தன. யோஸ்ட் என்பவன் ஆட்டுக்குட்டியை மணிக்கூண்டில் ஏற்றிவிட்டு ஊரையே தேடவிட்ட கதையை ஒருவர் சொன்னார். வீட்டுக்காரம்மாள் சிரித்த சிரிப்பில் தலைத்துணி சரிந்தது.

"சாப்பிடுங்கள் டாக்டர், வெட்கப்படாதீர்கள். எங்கள் யோஸ்டுக்கு இந்தக் கேக் என்றால் உயிர்" என்று அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.

க்ரோகருக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு மாலுமிப் பாட்டை எடுத்துவிட்டார். வீடே கை தட்டியது.

திரும்பும் வழியில் பாலத்தின்மேல் வந்தபோது கேட்டார்: "அருமையான குடும்பம். அந்த யோஸ்ட்தானே மாப்பிள்ளை? ஆள் கண்ணிலேயே படவில்லையே?"

"இன்று காலையில் அவனைப் புதைத்தோம்" என்றார் வீகான்ட். "காய்ச்சல். அந்த அம்மாளுக்கு ஒரே பிள்ளை."

க்ரோகருக்குக் கோபம் வந்தது.

"முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் பாட்டு வேறு பாடித் தொலைத்தேனே!"

"அவளுக்குப் பிடித்திருந்தது."

"ஐயோ, பாவம்! வந்தவர்கள் முன்னால் அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். கடைசி ஆள் படியிறங்கியதும் உடைந்துபோவாள். இரவெல்லாம் அழுவாள்."

"அப்படியா? கண்ணால் பார்த்தீர்களா?"

"இதைப் பார்க்க வேறு வேண்டுமா? பெற்றவள் ஐயா, பெற்றவள்!"

வீகான்டுக்கு இருமல் வந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அது அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அன்று உங்கள் கப்பல் அந்தத் தீவைவிட்டு எப்போது கிளம்பியது, டாக்டர்?"

"பொழுது சாயும் முன்பே கிளம்பிவிட்டோம்" என்றார் க்ரோகர். சொல்லிக்கொண்டே பையிலிருந்த சான்றிதழை வெளியே எடுத்தார்.