நாக்கில் வைக்காத சோப்பு

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். சோப்பு காய்ச்சி விற்றால்தான் அங்கே சோறு. குரு சௌந்தரவல்லிக்கு முப்பத்தாறு வயது. சீடர் நீலமேகத்துக்கு ஐம்பது. வயது அவருக்குக் கூட. பொறுமைதான் குறைவு.

அன்று நாலு மணிக்குக் கூட்டம். சமையல்கட்டில் வேலை பார்க்கும் எழிலி, தன் முதல் பாட்டுப் புத்தகத்தை வாசிக்கப் போகிறாள். அதைப் பற்றி நீலமேகம் பேசுவார். போன வருஷம் இன்னொரு சீடர் குமரவேளின் பாட்டைப் பற்றிப் பேசினார். குமரவேள் அதற்கப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை.

மத்தியானம் நீலமேகம் சோப்புக் கொட்டகைக்கு வந்தார். சட்டைப்பையில், கூட்டத்தில் வாசிக்க எழுதி மடித்த மூன்று பக்கம்.

“அம்மா, என் விமர்சனத்தை இங்கிலீஷ் பேப்பர்ல ‘காஸ்டிக்’னு எழுதியிருக்காங்க. அகராதியில பார்த்தேன். சுடுறதுன்னு அர்த்தம். கிரேக்கத்துல இருந்து வந்த சொல்லாம். இது பாராட்டா, திட்டா?”

குரு எண்ணெய் கிண்டுவதை நிறுத்தவில்லை. மூலையிலிருந்த காஸ்டிக் சோடா டப்பாவைக் காட்டினார்.

“அது மேலயும் அதே பேருதான். அதைப் பாராட்டுவீங்களா, திட்டுவீங்களா?”

“அது இல்லாம சோப்பு ஏதும்மா?”

“எழிலியைக் கூப்பிடுங்க.”

எழிலி வந்தாள். கையைப் பின்னால் வைத்திருந்தாள்.

“கையைக் காட்டு.”

இரண்டு உள்ளங்கையும் சிவந்து, தோல் உரிந்திருந்தது.

“புது சோப்பும்மா. நேத்து பாத்திரம் கழுவினேன்.”

அது நீலமேகம் காய்ச்சிய சோப்பு.

“எண்ணெய் எவ்வளவு ஊத்தினீங்க?” என்றார் குரு.

“கண் திட்டம்தான். கொஞ்சம் குறைஞ்சிருக்கும்.” எண்ணெய் குறைந்தால் காஸ்டிக் சோடா சோப்பில் மிஞ்சி நின்று சுடும்.

“நாக்குல வெச்சுப் பார்த்தீங்களா?”

அங்கே அது வழக்கம். காய்ச்சியவர் ஈர விரலைச் சோப்பில் தேய்த்துத் தன் நாக்கு நுனியில் வைக்க வேண்டும். சுரீர் என்றால் சோப்பு வெளியே போகாது.

“அவசரத்துல விட்டுட்டேன். இவளும் எரியுதுன்னு சொல்லலையே.”

எழிலி தரையைப் பார்த்தாள். “நாலு மணிக்கு நீங்கதானே பேசணும், சார். எதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்.”

குரு அவளை மருந்து போட அனுப்பினார். அதே சோப்புக் கட்டியை எடுத்து நீட்டினார்.

“இப்ப வைங்க.”

வைத்தார். தலை வெடுக்கென்று பின்னால் போனது. “ஷாக் அடிக்குதும்மா.”

“அந்த மூணு பக்கத்தை எடுங்க. எழிலின்னு வர்ற இடத்துல நீலமேகம்னு போட்டு வாசிங்க.”

அவர் சிரித்தார். குரு சிரிக்கவில்லை. நீலமேகம் காகிதத்தைப் பிரித்தார்.

“‘நீலமேகத்துக்குக் கரண்டி பிடிக்கத் தெரியும். பேனாவைக் கையில் கொடுத்தது யார் செய்த தப்பு...’”

குரல் நின்றது. அடுத்த வரி கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது.

“தண்ணி குடிச்சிட்டு வரேன்மா.”

“முடிச்சிட்டுக் குடிங்க. நாலு மணிக்கு அவ முன்னாடி நடுவுல நிறுத்த மாட்டீங்கள்ல.”