ஏழாவது கமாண்டு

எங்கள் பிரெயில் அச்சகத்தில் குருவுக்கு இருபத்தெட்டு வயது, சிஷ்யருக்கு ஐம்பத்தாறு. திருச்சியில் இப்படி இன்னொரு ஜோடி இருந்தால் காட்டுங்கள், நான் பைண்டிங் வேலையையே விட்டுவிடுகிறேன்.

குரு ரிஸ்வானா, கம்ப்யூட்டர் பிரிவு. சிஷ்யர் லூர்துசாமி, முப்பது வருஷமாகப் புள்ளி அச்சடிக்கும் மெஷினை ஓட்டியவர்.

ஒரு புத்தகம் அச்சாக வேண்டுமென்றால் கருப்புத் திரையில் பதினோரு கமாண்டு தட்ட வேண்டும். ஒன்று முடியும்வரை காத்திருந்துதான் அடுத்தது. ரிஸ்வானாவிடம் ஏழு மாதம் படித்து, பதினொன்றையும் தானே வரிசையாக ஓட்டும் ஒரு புரோகிராமை லூர்துசாமி எழுதிவிட்டார். ஒரே ஒரு பொத்தான். அவரைவிட எனக்குத்தான் பெருமை தாங்கவில்லை. டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று பதினோரு மணிக்கு எங்கள் அறங்காவலர் ராமதுரை ஐயா வந்து அந்தப் பொத்தானை அழுத்துவதாக ஏற்பாடு. அச்சாக வேண்டியது பிளஸ் டூ கணக்குப் புத்தகம். பார்வையில்லாத பிள்ளைகள் அறுபத்திரண்டு பேர் அதற்காகக் காத்திருந்தார்கள்.

பத்து மணிக்கு லூர்துசாமி குருவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இதுல ஒரு வித்தை பண்ணியிருக்கேன் டீச்சரம்மா. சோதனைக்கு ஒரு சின்னப் புத்தகத்தை ஓட்டுனப்போ, ஏழாவது கமாண்டு ஏதோ கேட்டுக்கிட்டு அப்படியே நின்னுடுச்சு. எது என்ன கேட்டாலும் புரோகிராமே 'ஆமா'ன்னு சொல்லிடற மாதிரி ஒரு வரி போட்டுட்டேன். இப்ப நிக்கிறதே இல்லை."

"என்ன கேட்டுச்சு?"

"அதை யாரு பார்த்தா? நிக்காம ஓடுதா, அதான் வேணும்."

ரிஸ்வானா பக்கத்து மேஜையிலிருந்த செண்பகவல்லியைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

செண்பகவல்லி எங்கள் பிழைதிருத்துநர். பிறவியிலேயே பார்வையில்லை. கணக்கை பிரெயிலுக்கு மாற்றும்போது கம்ப்யூட்டர் நிறையத் தப்பு செய்யும். நாலு மாதம் விரலால் வரிவரியாகத் தடவிப் படித்து, முந்நூறு தப்புக்குமேல் திருத்தி வைத்திருந்தார்.

ரிஸ்வானா அந்த 'ஆமா' வரியை எடுத்தாள். பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

ஆறு கமாண்டு ஓடின. ஏழாவது நின்றது. திரையில் வருவதை எங்கள் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும். தமிழிலேயே படிக்கும், ரிஸ்வானா அப்படிப் பழக்கி வைத்திருக்கிறாள்.

"செண்பகவல்லி திருத்திய கோப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாமா?"

"அழிக்கிறதா?" என்றார் செண்பகவல்லி. "அதுக்கு வேற பிரதிகூட இல்லையே லூர்தண்ணே."

லூர்துசாமிக்கு வேர்த்துவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில், கைதட்டலோடு, அத்தனையும் போயிருக்கும்.

"இதுக்கா நான் ஆமான்னு சொல்லி வச்சேன்?" என்றார்.

ரிஸ்வானா புரோகிராமை நிறுத்திவிட்டு, முதல் வேலையாகச் செண்பகவல்லியின் கோப்புக்கு ஒரு பிரதி எடுத்தாள். பிறகு எழுந்து நாற்காலியை லூர்துசாமி பக்கம் தள்ளினாள்.

லூர்துசாமி உட்காரவில்லை.

"அந்த வரி இல்லேன்னா, பெரியவர் முன்னாடி பாதியில நின்னுடுமே. ஏழு மாசம் படிச்ச லட்சணம் இதுதானான்னு கேக்க மாட்டாங்களா? எனக்கு அசிங்கமா இருக்காதா?"

"முப்பது வருஷம் மெஷின் ஓட்டுனீங்க. நடுவுல சந்தேகம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"மெஷினை நிறுத்திட்டு செண்பகத்தைக் கூப்பிடுவேன்."

"அது அசிங்கமா இருந்துச்சா?"

லூர்துசாமி உட்கார்ந்து, 'வேண்டாம்' என்று பதில் வந்தால் திருத்திய கோப்பையே வைத்து மேலே ஓடும்படி தட்ட ஆரம்பித்தார். யாரையும் பக்கத்தில் விடவில்லை.

பதினோரு மணிக்கு ராமதுரை ஐயா வந்தார். மாலை, சந்தனம், எல்லாம் ஆனது. பொத்தானை அழுத்தினார். ஒன்று, இரண்டு என்று கமாண்டுகள் ஓடுவதை நாங்கள் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

ஆறு முடிந்தது. ஏழாவது நின்றது. கம்ப்யூட்டர் நிதானமாக அதே கேள்வியைப் படித்தது.

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. ஐயா பொத்தானையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா ரிஸ்வானா, உன் சிஷ்யர் புரோகிராம் நின்னு போச்சே?"

ரிஸ்வானா சிஷ்யரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

லூர்துசாமி நாற்காலியை இழுத்துப் போட்டு, செண்பகவல்லியின் கையைப் பிடித்து அழைத்துவந்து, எல்லாருக்கும் முன்னால் கம்ப்யூட்டர் எதிரே உட்கார வைத்தார். பிறகுதான் நிமிர்ந்தார். அவர் அப்படி நிமிர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"நிக்கலைங்க ஐயா. செண்பகவல்லியம்மாகிட்ட கேக்குது."