தவளை தொண்டையை உப்பிக் கத்துவது எதனால்?

அந்தக் காலத்தில், எறும்புக்கும் ஈக்கும் பேச்சிருந்தபோது, உடம்புக்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஆட்களுக்கும் வாய் இருந்தது. கொஞ்சம் நீளமான வாய்தான்.

தலைப்பிரட்டைகளின் உடம்புக்குள் ஒரு சுவடிக்கட்டு உண்டு. கால் முளைக்கும் வித்தை அதில்தான் எழுதியிருந்தது. அதற்குக் காவல் ஏற்பி என்பவன். அவன் ஒரு அவசரக்குடுக்கை. ஒரு வருஷம், முட்டை பொரிந்த மறுநாளே கட்டை அவிழ்த்துவிட்டான். கடுகளவு தவளைகள் கால் முளைத்துக் கரையேறின. ஒற்றைக் காக்கை அத்தனையையும் தின்று, ஏப்பம்கூட விடாமல் பறந்தது.

ஏற்பி மூன்று நாள் சோறு தொடவில்லை. பிறகு மச்சான் அமுக்கனைக் கூப்பிட்டு, தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவடியின்மேல் உட்காரச் சொன்னான். உடம்பு தேறிவிட்டது என்று தொண்டைச் சுரப்பியிலிருந்து சேதி வரும்வரை, தானே கெஞ்சினாலும் எழுந்திருக்கக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

அடுத்த கோடையில் குளம் அண்டாவாயிற்று, அண்டா கிண்ணமாயிற்று. மிச்சம் ஒரே ஒரு தலைப்பிரட்டை. இன்றைக்குள் கால் வராவிட்டால் கருவாடு.

"எழுந்திரு மச்சான், பிள்ளை செத்துப்போகும்" என்றான் ஏற்பி.

"சேதி வந்துச்சா?"

"வரலை."

"அப்போ காக்கைக்கு மறுபடியும் விருந்து வைக்கிறியா?"



அப்போதுதான் தொண்டையிலிருந்து சேதி நீந்திவந்தது. மிளகில் பாதிகூட இருக்காது. வந்ததும் ஏற்பியின் மடியில் ஏறிக்கொண்டது. விருந்தாளி விழுந்துவிடாமலிருக்க ஏற்பி கால்களை மடக்கினான். அவ்வளவுதான், அமுக்கன் பிடித்திருந்த முழங்கால் நழுவியது; அவனும் முனகாமல் இறங்கிக்கொண்டான். மடங்கிய முழங்காலில் இப்போது வேறொருத்திக்குப் பிடி கிடைத்தது. அதைப் பிடித்து மேலேறியவள் நெகிழ்த்தி. முடிச்சவிழ்க்கப் பிறந்தவள். அவள் விரல் பட்டதும் கட்டு தளர்ந்தது, சுவடி விரிந்தது. கால் முளைத்தது, வால் கரைந்தது. கடைசிக் கை நீர் வற்றுமுன் பிள்ளை துள்ளிக் கரையேறியது.

ஏற்பி அமுக்கனைக் கட்டிக்கொண்டான். "நீ அசையாம இருந்ததாலதான் கால் முளைக்க இன்னிக்கு ஒரு உடம்பு மிச்சமிருந்தது, மச்சான்."

"எனக்கெதுக்கு நன்றி? தொண்டைக்குச் சொல்லச் சொல்லு" என்றான் அமுக்கன்.

தவளை அதைக் கேட்டுக்கொண்டது. அன்று பிடித்த வழக்கம்தான்: எந்தத் தலைப்பிரட்டையும் தொண்டையின் சேதி வராமல் காலுக்கு ஆசைப்படுவதில்லை, கால் வந்த தவளையோ, குளத்தில் மழைநீர் விழுந்துவிட்டால், தொண்டையை உப்பி உப்பி அந்தத் தொண்டைக்கே நன்றி சொல்லாமல் ஓய்வதில்லை.