சிலந்தி போடும் வெள்ளைக் கோடு

அந்தக் காலத்தில் காட்டில் வாயில்லாச் சீவன் என்று ஒன்றுமே கிடையாது. எறும்பு முதல் யானை வரைக்கும் எல்லாம் பேசும். பேச்சு ஒன்றுதான், எழுத்து மட்டும் ஆளுக்கொன்று. மரங்கொத்தி பட்டையில் பொத்தல் போட்டு எழுதும். மான் குளம்பால் மண்ணைக் கீறி எழுதும். எறும்பு போகிற வழியெல்லாம் வாசனை வைத்து எழுதும். ஒருவர் எழுதியதை இன்னொருவரால் வாசிக்க முடியாது. மரங்கொத்தி செத்தால் அது எழுதிவைத்த அத்தனையும் கூடவே செத்தது. மரத்தில் பொத்தல்கள் மட்டும் நிற்கும்.

ஈங்கைக்காட்டு ஓடையின் தென்கரையில், ஒரு மருத மரத்தில் இழைச்சி என்ற சிலந்தி இருந்தாள். இத்தனை சொற்கள் வீணாய்ப் போவது அவளுக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் இரண்டு கிளைகளுக்கு நடுவே பெரிய வலையைக் கட்டி, இழையாலேயே அதில் எழுத்தை இழுத்துக் காட்டினாள்.

“யார் வேண்டுமானாலும் வந்து எழுதலாம். எழுத்து எல்லோருக்கும் ஒன்றே” என்றாள்.

மேல்கிளையில் தேவாங்கு ஒன்று குடியிருந்தது. முழியன் என்று பெயர். பகலில் அவனுக்குக் கண் சரியாகத் தெரியாது. காதுதான் அவனுக்கு எல்லாம். அவன் மேலிருந்தபடி கேட்டான்.

“அக்கா, புலி என்று ஒருத்தர் எழுதினால், புலி வருகிறது என்று அர்த்தமா, புலிக்குக் கல்யாணம் என்று அர்த்தமா? எப்படித் தெரியும்?”

இழைச்சி அதை நெடுநேரம் யோசித்தாள். பிறகு சொல்லுக்கு முன்னால் முழங்கை மடக்கியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு போட்டாள். அதற்குத் திறப்பு என்று பெயர் வைத்தாள். சொல்லுக்குப் பின்னால் அதே கோட்டை எதிர்ப்பக்கம் மடக்கிப் போட்டு ஒரு முடிச்சும் வைத்தாள். அது அடைப்பு. ஆபத்துக்கு ஒரு வகைக் கோடு, நல்ல சேதிக்கு ஒரு வகை, தேடுகிறவர்களின் கூப்பாட்டுக்கு ஒரு வகை. இன்னொன்று இணைப்புக் கோடு. அது போட்ட சொல்லிலிருந்து ஓர் இழை கிளம்பி அடுத்த மரத்து வலைக்குப் போகும். அந்த இழையைப் பிடித்துக்கொண்டே போனால் அங்கே எழுதியிருப்பதையும் பார்த்துவிடலாம்.

“இது என்ன என்று சொல்வதுதான் கோட்டின் வேலை. சொல் எழுதுகிறவர் பாடு. ஒன்றே ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. திறந்தால் அடைக்க வேண்டும்” என்றாள் இழைச்சி.

வலைக்கு அவள் சொந்தம் கொண்டாடவில்லை. கேட்டவருக்கெல்லாம் கட்டச் சொல்லிக் கொடுத்தாள். அடுத்த மழைக்குள் மரத்துக்கு மரம் வலை தொங்கியது. எல்லா வலையும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டது. தரையில் நடக்கிறவர்களுக்கு அண்ணாந்து பார்த்து வாசிக்க முடியாது என்பதால் இரண்டு பறவைகள் வாசித்துச் சொல்லும் வேலையை ஏற்றன. வடகரைக்குக் கரிச்சான், தென்கரைக்கு மைனா. அடைக்காததை வாசிப்பதில்லை என்று இரண்டும் வாக்குக் கொடுத்தன.

ஒரு மாலைப்பொழுது ஆட்காட்டிக் குருவி ஒன்று ஓடிவந்தது. குஞ்சைக் காணோம். பதறிப்போய்க் கூப்பாட்டுக் கோட்டைப் போட்டு, குஞ்சின் நிறத்தையும் போன திசையையும் எழுதியது, அடைப்பைப் போடவில்லை. எழுதி முடித்ததும் மரத்தைச் சுற்றிச் சுற்றி அலறிக்கொண்டு பறந்தது.

கரிச்சான் வலையைப் பார்த்தது, இழைச்சியைப் பார்த்தது.

“அக்கா, அடைப்பு இல்லையே. வாசிக்கவா, வேண்டாமா?”

இழைச்சி ஆட்காட்டியைக் கூப்பிட்டாள். அலறலில் அதன் காதில் எதுவும் விழவில்லை. இருட்ட இன்னும் கொஞ்ச நேரந்தான் இருந்தது. மைனாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

“வாசியுங்கள். பெற்ற வயிறு பதறுகிறது, இப்போது போய் முடிச்சு கேட்பதா? எங்கே முடிகிறது என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்” என்றாள் இழைச்சி.

வாசித்தார்கள். காடே தேடியது. குஞ்சு ஒரு முயலின் புதருக்கடியில் பத்திரமாகக் கிடைத்தது. ஆட்காட்டி வந்து இழைச்சியின் முன்னால் தலையைத் தாழ்த்தி நின்று அழுதது. “நல்ல காரியம் செய்தாய், அக்கா” என்றான் முழியன். அவளுக்கும் அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது.

ஆனால் அடைக்காவிட்டாலும் வாசிப்பார்கள் என்ற சேதி வலை வழியே எல்லா மரத்துக்கும் போய்விட்டது. முதலில் அவசரக்காரர்கள் அடைப்பை விட்டார்கள். பிறகு சோம்பேறிகள் விட்டார்கள். அப்புறம் பிறந்த குட்டிகளுக்கு அடைப்பு என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. சேதிக்குள் கூப்பாடும் கூப்பாட்டுக்குள் ஆபத்துமாகக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பறவைகள் எல்லாவற்றையும் யூகித்து யூகித்து வாசித்தன. கரிச்சான் ஒருமாதிரி யூகிக்கும், மைனா இன்னொருமாதிரி.

அதோடு, யாரிடம் கூட்டம் அதிகம் என்று இரண்டுக்கும் போட்டி வந்துவிட்டது. மைனா மின்மினிகளைப் பிடித்துவந்து வலையில் ஒட்டி, மினுக்குகிற கோடு ஒன்றைக் கண்டுபிடித்தது. கரிச்சான் சும்மா இருக்குமா? காற்றடித்தால் சொற்கள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடுகிற கோட்டைக் கொண்டுவந்தது. குட்டிகள் கைகொட்டிச் சிரித்தன. ‘இது கரிச்சான் வாசிப்பதற்கு மட்டும்’ என்று எழுதிய வலைகளும் வந்தன. அதை மைனாவிடம் காட்டினால் உளறலாகத்தான் கேட்கும்.

இழைச்சி இரண்டையும் கூப்பிட்டுச் சொன்னாள். “ஒரே வலை என்றுதானே ஆரம்பித்தோம்? யூகிப்பதாயிருந்தால் ஒன்றுபோல யூகியுங்கள். உட்கார்ந்து பேசுங்கள்.”

“அதனிடம் நான் பேசுவதா?” என்றது கரிச்சான்.

“அது என்னிடம் வந்து கேட்கட்டும்” என்றது மைனா.

அந்தக் கோடையில் மழை பொய்த்தது. இழைச்சி மலைமேல் பாறைச் சுனைக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு வலையின் இணைப்பு இழை அறுந்து, போகிறவர்கள் வழி தெரியாமல் திரும்புவதாகச் சேதி வந்திருந்தது. அவள் இழையை முடிந்துகொண்டிருந்த நண்பகலில், கீழே மூங்கிலோடு மூங்கில் உரசித் தீப்பிடித்தது.

முதலில் பார்த்தது ஒரு சருகுமான். மூங்கில் பள்ளத்துக்குப் போகாதே, பாறைச் சுனைக்குப் போ என்று சொல்லத்தான் அது வலைக்கு ஓடிவந்தது. ஆபத்துக் கோட்டைத் திறந்து ‘மூங்கில் பள்ளம்’ என்று எழுதியது. அங்கே அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. அடுத்தாற்போல் ‘பாறைச் சுனை’ என்று எழுதிவிட்டுத் தன் குட்டியைத் தேடி ஓடிவிட்டது.

கரிச்சான், ஆபத்து முதல் இடத்தோடு முடிந்தது என்று யூகித்தது. “மூங்கில் பள்ளம் ஆபத்து! பாறைச் சுனைக்கு ஓடுங்கள்!” என்று வடகரை முழுக்கக் கத்தியது. மைனாவின் வழக்கம் வேறு. அடைப்பு கண்ணில் படும்வரை எல்லாமே ஆபத்துதான் என்பது அதன் யூகம். “பள்ளமும் ஆபத்து! சுனையும் ஆபத்து!” என்று அது தென்கரை முழுக்கக் கத்தியது.

சுனைக்கு வடகரைக் கூட்டம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. முயல்கள் வந்தன, மான்கள் வந்தன, அந்த ஆட்காட்டியும் குஞ்சுகளோடு வந்தது. இழைச்சி பாறை விளிம்பில் நின்று தென்கரைப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை. கீழே புகை மட்டும் எழும்பியது.

“தென்கரை ஆட்கள் எங்கே? முழியன் எங்கே?” என்று வருகிற ஒவ்வொருவரையும் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

பொழுது சாயும்போது மைனா வந்தது. ஓர் இறக்கை கருகியிருந்தது.

“சுனையும் ஆபத்து என்றா வாசித்தாய்?” என்று கேட்டாள் இழைச்சி.

“எழுதியிருந்ததைத்தான் வாசித்தேன், அக்கா.”

“நானும் எழுதியிருந்ததைத்தான் வாசித்தேன்” என்றது பக்கத்தில் இருந்த கரிச்சான்.

“அடைப்பு இல்லையே, அக்கா” என்றது மைனா. “யூகித்துக்கொள் என்று நீதானே சொன்னாய்?”

இழைச்சி தீ அணைந்தபின் இறங்கிப்போனாள். மருத மரம் கரிக்கட்டையாக நின்றது. முழியன் மேல்கிளையிலேயே இருந்தான், இரண்டு கையாலும் கிளையைக் கட்டிக்கொண்டு, பிடி விடாமல். ஓடைச் சேற்றுக்குள் புதைந்து பிழைத்த ஓர் ஆமை கரையேறி வந்தது.

“கடைசிவரை நான் கூப்பிட்டேன், தாயே. எங்காவது ஓடிவிடு என்றேன். ‘பள்ளமும் ஆபத்து, சுனையும் ஆபத்து என்றால் இங்கேயே இருப்போம், அக்கா வலையில் பொய் வராது’ என்று சொல்லிவிட்டான்” என்றது.

இழைச்சி அந்தக் கரிக்கிளையிலேயே சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். எழுந்தபோது அவள் பழைய இழைச்சியாக இல்லை. புது வலை கட்டினாள். புதுச் சட்டமும் போட்டாள். ஒரே ஒரு அடைப்பு குறைந்தாலும், ஒரு முடிச்சு பிசகினாலும், அந்த வலையில் ஒரு சொல்லைக்கூட வாசிக்கக் கூடாது. துக்கத்தில் இருந்த பறவைகள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டன. கொஞ்ச காலம் எல்லோரும் பயந்து பயந்து அடைத்தார்கள்.

பிறகு ஒருநாள், பாம்பு புகுந்த புற்றைப் பற்றி ஒரு முயல் எழுதியது. திறப்பு சரி, சொல் சரி, அடைப்பும் போட்டிருந்தது. அடைப்பின் நுனியில் முடிச்சு மட்டும் விழவில்லை. கரிச்சான் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. எழுதிய முயலின் குட்டிகள் வேறெங்கோ மேய்ந்துவிட்டுச் சேதி தெரியாமல் அந்தப் பக்கம் போயின; ஒன்று திரும்பவில்லை.

தாய் முயல் இழைச்சியின் முன்னால் வந்து நின்றது. அழவில்லை.

“பாம்பு என்று எழுதியிருந்தேனே, தாயே. அது உனக்கே வாசிக்கத் தெரிந்ததுதானே?”

ஆட்காட்டிக்காகக் கோட்டைத் தளர்த்தியதும் இழைச்சிதான், முழியனுக்காக இறுக்கியதும் அவள்தான். இரண்டிலும் பிணம் விழுந்துவிட்டது. மூன்றாவதாக ஒரு வழி அவளுக்குத் தெரியவில்லை.

அதன்பின் அவள் வலையில் எழுத யாரும் வரவில்லை. மற்ற மரங்களில் பழையபடி அரைகுறையாக எழுதினார்கள். பறவைகளும் வாக்கை விட்டுவிட்டு அங்கே போய் வாசித்தன. இழைச்சியின் வலை மட்டும் பிசகில்லாத கோடுகளோடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் மைனா அவளைத் தேடி வந்தது. அதன் முகம் தெளிந்திருந்தது.

“அக்கா, நல்ல சேதி. நாங்கள் பறவைகளெல்லாம் ஒன்றுகூடிப் பேசினோம். கரிச்சானும் வந்தது. எந்தப் பிழையை எப்படி யூகிப்பது என்று ஒவ்வொன்றாக முடிவு கட்டிவிட்டோம். இனி யார் எப்படி எழுதினாலும் எல்லோரும் ஒன்றுபோலத்தான் வாசிப்போம். அடைப்பே இல்லாவிட்டாலும் பரவாயில்லை.”

இழைச்சி இழை போடுவதை நிறுத்தினாள்.

“இதைத் தீக்கு முன்னால் பேசியிருக்கக் கூடாதா?”

மைனா கருகிய இறக்கையை அலகால் கோதியது. “அப்போது எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லையே, அக்கா.”

அதுதான் இழைச்சி கேட்ட கடைசிக் கேள்வி. மைனா பறந்துபோனதும் அவள் தலையைக் கீழே திருப்பிக்கொண்டாள். அதன்பிறகு யாரும் அவள் குரலைக் கேட்கவில்லை. ஆனால் கால்கள் மட்டும் பழகிய வேலையை விடவில்லை. கட்டிய வலையை அவளே தின்பாள், மறுபடி கட்டுவாள், நடுவில் திறப்பைப் போடுவாள், அடைப்பைப் போடுவாள்.

வெகுகாலம் கழித்து மனிதர்களும் கணினிகளை இழைபோலக் கோத்துத் தங்களுக்கென்று ஒரு வலை கட்டிக்கொண்டார்கள். பக்கத்தை எழுதுகிற குறிகளாகத் திறப்பும் அடைப்பும் இணைப்பும் அதிலும் வந்தன. மினுக்கல் வந்தது, ஓட்டம் வந்தது, பக்கத்தை வாசித்துக் காட்டும் உலாவிகளின் சண்டையும் வந்தது. கடைசியில் அவர்களும் பறவைகள் கட்டிய முடிவையே கட்டினார்கள்.

அன்று முதல்தான், வலைப்பக்கத்தில் எத்தனை திறப்பு அடைபடாமல் கிடந்தாலும் அது முணுமுணுக்காமல் நம் கண்முன் விரிகிறது; வேலியோரச் செடியில் அந்தச் சிலந்தி மட்டும் இன்றைக்கும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, நடுவே ஒரு சொல்லும் இல்லாமல், வெள்ளைக் கோடுகளை மடக்கி மடக்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறது.